தலைகீழாக மாட்டிய வரைபடம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தாம் வகுப்புக்கு இமயமலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். பிரிகேடியர் ஆசீர் பொன்னையா காலமாகிவிட்டார் என்றார். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷ வேலையில் பாடத்துக்கு நடுவே நான் உட்கார்ந்தது அன்றுதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வடக்கு எல்லையில் பெரும்படையை நடத்திவிட்டு ஓய்வுபெற்று, சங்கரன்கோவிலில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியேறினார். ஊருக்கு அவர் எல்லையைக் காத்த தளபதி. எனக்கோ முதலில் அவர் வரைபடத்தைத் தப்பாக மாட்டியவர்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் தெற்காசிய வரைபடம் தலைகீழாகத் தொங்கியது. கன்னியாகுமரி மேலே, காஷ்மீர் கீழே. அவர் சட்டை மாற்ற உள்ளே போன நேரத்தில், புவியியல் டீச்சரின் கை சும்மா இருக்குமா, ஸ்டூல் போட்டு ஏறி அதை நேராக்கிவிட்டேன். வந்து பார்த்தவர் கோபிக்கவில்லை. மறுபடியும் திருப்பி மாட்டினார்.

"டீச்சர், எதிர்ல இருக்கவன் நம்மள இப்படித்தான் பாக்குதான். அவன் எதுக்குப் பயப்படுதான்னு தெரியாம என்னால காவல் காக்க முடியாது" என்றார்.

பணியில் இருந்த காலமெல்லாம் தம் அறையிலும் அப்படித்தான் மாட்டியிருந்தாராம். புதிதாக வந்த இளம் அதிகாரிகளில் பாதிப் பேர் என்னைப் போலவே நேராக்கித் திட்டு வாங்கியிருக்கிறார்கள் என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எல்லையில் ஆளும் ஆயுதமும் குறையவே கூடாது என்பார். அதே மூச்சில், இரு தரப்புத் தளபதிகளுக்கும் நடுவே இருக்கும் தொலைபேசி ஒரு நாள்கூட ஊமையாகக் கூடாது என்பார். இலங்கை, நேபாளம் என்று பேச்சு வந்தால் குரல் தணிந்துவிடும். "சின்ன நாட்டுக்காரன் பேசும்போது காதைத் தீட்டணும், பெரிய நாட்டுக்காரன் பேசும்போது கண்ணைத் தீட்டணும். நாம ரெண்டையும் மாத்திச் செய்யுதோம்" என்று வருத்தப்படுவார்.

பிறகு எல்லையில் சண்டை மூளுமோ என்ற பதற்றமான நாட்கள் வந்தன. என் மகன் முத்து சிப்பாயாக அதே வடக்கு எல்லையில் இருந்தான். ஆறு நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. டிவியில் ஆளாளுக்கு அம்புக்குறி போட்டுப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். விசைத்தறிக்காரர்கள் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு பிரிகேடியரைப் பேச அழைத்தார்கள். நெருப்பாகப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஒரே அடியாக அடித்து முடித்துவிட்டால் பிள்ளை வீடு வந்து சேருவான் என்று என் நினைப்பு. அவரோ, காவலை இறுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கோபத்தில் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்றார். கூட்டம் முணுமுணுத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"உங்க பிள்ளை அங்கன நின்னா இப்படிப் பேசுவீங்களா?"

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்டேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவர் மைக்கைத் தள்ளி வைத்தார். "கர்னலா இருந்தப்ப எண்ணூறு பேருக்குக் கமாண்டர் நான், டீச்சர். செத்தவன் வீட்டுக்கு நான்தான் என் கையால எழுதணும். நாலு கடிதம் எழுதுனேன்" என்றார். பிறகு அந்த நால்வரின் பெயரையும், ஊரையும், தாயார் பெயரையும் வரிசையாகச் சொன்னார். கையில் தாள் இல்லை. "அஞ்சாவது கடிதத்த யாரும் எழுதக் கூடாதுன்னுதான் பேசுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். முத்து பேசும்வரை தினமும் வருவதாகச் சொன்னார். சொன்னபடி வந்தார். என் கணவரோடு செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்துவிட்டுப் போவார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று என்னை அடுப்படிக்கு விரட்டினார்.

ஐந்தாம் நாள் போன் அடித்தது. முத்துதான். இரு தரப்பு ரோந்து வீரர்களும் ஓர் ஓடையின் இரு கரையில் துப்பாக்கியை நீட்டியபடி மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். தளபதிகள் தொலைபேசியில் பேசி முடித்ததும் இரண்டு பக்கமும் பின்வாங்கியதாம். பிரிகேடியரிடம் போனைக் கொடுத்தேன். 'நான்தான் சொன்னேனே' என்கிற பார்வை அவரிடம் இல்லை. "சாப்பிட்டியாலே மக்கா?" என்று மட்டும் கேட்டார். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றைக் கேள்வி காதில் விழுந்தபோது வந்த பிரமிப்பு வேறு யாரிடமும் எனக்கு வந்ததில்லை.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் வரிசையாக நின்றார்கள். முத்துவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஐயாவைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் வந்தான். வலது கையில் போனை உயர்த்திப் பிடித்தேன். சீருடையில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். "நீயும் அடிம்மா" என்றான். எனக்கு மிச்சம் இருந்தது இடது கைதான், அதையே நெற்றிக்குக் கொண்டுபோனேன். சுற்றி நின்ற படைவீரர்களில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

பெட்டி மண்ணுக்குள் இறங்கும்வரை, உயிரோடு இருக்கும் என் பிள்ளையின் முகத்தை உங்கள் பக்கமாகவே பிடித்திருந்தேன், ஐயா. போய் வாருங்கள்.