பேர் கூப்பிடாத பெரட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இனிப் பெரட்டு கிடையாது என்று மேனேஜர் துரை அறிவித்தபோது, என் மகளைப் போல் சந்தோஷப்பட்டவர் வேறு யாருமில்லை. அவள் முதலாம் வகுப்புப் படிக்கிறாள். விடிந்ததும் கொழுந்து பறிப்பவர்கள் களத்தில் கூடி நின்று அன்றைய கூலிக்குப் பேர் கொடுப்பதுதான் பெரட்டு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரமும் அதுதான் என்பதால், என் மனைவி ஒருநாளும் மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதில்லை. ஹட்டனில் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கும் நான் முதல் பஸ்ஸிலேயே போய்விடுவேன். எனக்கு லீவான புதன்கிழமைகளில் மட்டும் பின்னல் போட்டுக் கூட்டிப்போவேன். அந்தப் பின்னலைப் பற்றி அவள் வெளியில் யாரிடமும் பேசுவதில்லை.

மலையைக் குடும்பத்துக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுத்தாயிற்று. விரும்பிய நேரத்தில் போய்ப் பறிக்கலாம், கிலோவுக்குக் காசு. இனி அம்மாதான் வருவாள் என்று மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிகாலையில் என் மனைவி கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டால், பெரட்டுக்காம். பெரட்டுதான் இல்லையே என்றேன்.

"இல்லைன்னுதான் சொன்னாங்க. நாளைக்கே மாத்திட்டாங்கன்னா? களத்துல நின்ன ஆளுக்குத்தானேங்க பேரு விழும்."

தோட்டத்தை விற்கப் போகிறார்கள், விற்றாகிவிட்டது, வாங்க ஆளே இல்லை என்று ஒரே வாரத்தில் மூன்று கதைகள் நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி வந்திருந்தன. எது உண்மை என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை.

அடுத்த புதன்கிழமை நானே போய்ப் பார்த்தேன். எல்லாரும் வந்திருந்தார்கள், அவரவர் பழைய இடத்தில். பேர் கூப்பிடும் வேலை போய்விட்ட கணக்கப்பிள்ளையும் குடையோடு வந்து எதிரே நின்றார். அவர் வானத்தைப் பார்த்தார். இவர்கள் அவரைப் பார்த்தார்கள். நெடுநேரம் கழித்து யாரோ "போவோமா" என்றதும் கலைந்தார்கள். ஒருத்திக்குக் கிடைத்த துண்டு அவள் கோழிக்கூட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அவளும் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, நின்று, திரும்ப இறங்கிப் போனாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

வீட்டில் மகளின் முகத்தைப் பார்த்தால் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். வகுப்பில் அவளைப் பொய்க்காரி என்கிறார்களாம்.

அதற்கடுத்த புதன்கிழமை, நான் சீப்பை எடுப்பதற்குள் மகள் யூனிபோமும் புத்தகப்பையுமாகக் களத்துக்கு ஏறிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். தலையும் வாராமல், அம்மாவுக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை வந்தது.

"பாப்பாவுக்கு ஸ்கூல் இல்லையா?"

"இருக்கு. பெரட்டு முடிஞ்சதும் அம்மாகூடப் போவேன்."

பேர் கூப்பிட்டால் பெரட்டு முடியும். கூப்பிடாத பெரட்டை எப்படி முடிப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் என் மனைவி அங்கேயே கூடையை இறக்கி வைத்து மகளுக்குப் பின்னல் போட்டாள். பிறகு கூடையை மாட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முன்னால் ஒருத்தி நடந்தால் பின்னால் போய்த்தான் மற்றவர்களுக்குப் பழக்கம். மொத்தப் பெரட்டும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தது, குடை உட்பட.

பிள்ளை உள்ளே போனதும் கலைவார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் வகுப்பில் டீச்சர் வரவு இடாப்பைத் திறந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். வாசலில் பேச்சு நின்றது. எல்லாரும் நேராக நின்றார்கள். கடைசிப் பேர் முடிந்த பிறகுதான் "போவோமா" என்ற சத்தம் கேட்டது.

இப்போது தினமும் அங்கேதான் பெரட்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இல்லாதவர்களும் வருகிறார்கள். உள்ளே தன் பேர் வந்ததும் என் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டே "வந்திருக்கேன் டீச்சர்" என்கிறாள். வெளியே என் மனைவி, தனக்கே பேர் விழுந்துவிட்ட நிம்மதியில், கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொள்கிறாள்.