பன்னிரண்டு பாட்டில்

உறவினர்களே, நண்பர்களே, அழுதுகொண்டே எழுதினால் எங்கள் அம்மாவுக்கே பிடிக்காது. ஆகவே அவர் ஜெயித்த கதையைச் சொல்கிறேன்.

திருவாலங்காட்டில் பிறந்து கும்மிடிப்பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அம்மா. அப்பா காலமான பிறகு, தொழிற்சாலை கேன்டீனில் தட்டு கழுவி அண்ணனையும் என்னையும் ஆளாக்கினார்.

எழுபத்திரண்டு வயதில் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோய் திரும்பாமல் இருக்க, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை கீமோ ஏற்றலாம் என்றார் டாக்டர்.

"ஏத்துங்க, பாத்துக்கலாம்" என்றார் அம்மா.

மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வந்து எட்டு பாட்டிலை முடித்தார். அதற்குள் விரல்கள் மரத்துப்போயின, ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது. சில நாள் தள்ளிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்கு மனசு கேட்கவில்லை. "எட்டே போதும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா" என்று பொய் சொன்னேன். அம்மா அதை நம்பி, கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தார்!

மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் வீட்டுக்கு போன் செய்து, "ஆயா, ஒம்போதாவதுக்கு ஏன் வரல?" என்று கேட்டுவிட்டார். போனை எடுத்தது அம்மாவேதான்!

மறுநாள் நான் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தேன். ஒரு ரூபாய் காயின் போனிலிருந்து அம்மா அழைத்தார்.

"ஆஸ்பத்திரில கீறேன். தனியாத்தான் வந்தேன். ரத்தம் பாத்தாங்க, வெள்ளை அணு ஏறிக்கீது. மருந்தக் கொறச்சி ஏத்தலாமாம். நீ வந்து கையெழுத்துப் போடு."

"வேணாம்மா, தாங்க மாட்ட."

"உடம்பு என்னுதா, உன்னுதாடா? பேஜார் பண்ணாம வா!"

ஓடினேன். கிரீஸ் படிந்த சட்டையோடே போய்க் கையெழுத்துப் போட்டேன். என்னைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மிச்ச நான்கையும் முடித்தார். தெருவுக்கு மறுபடியும் கேசரி!

அதன்பின் ஆறு வருடம் அந்த நோய் திரும்பவே இல்லை. கீமோவால்தானா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்தச் சந்தேகமே கிடையாது.

கடைசியில் இதயம்தான் தளர்ந்தது.

"டாக்டர் இன்னா சொன்னாரு? மறைக்காம சொல்லு" என்றார்.

இந்த முறை உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப ஊட்டுக்குப் போலாம் வா" என்றார். அப்படியே அழைத்து வந்தோம். நான்கு நாள் எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

மருத்துவம் பார்த்த டாக்டருக்கும், ரயிலில் இடம் கொடுத்த பெண்களுக்கும், துக்கத்தில் துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பெயர் தெரியாத அந்த நர்ஸ் அக்காவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போன் செய்த அன்று உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மன்னியுங்கள். அம்மாவிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடமே கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

இளைய மகன்