படுவா, பட்டுவா?

அன்று என் மகள் திரையில் எழுத நினைத்தது ‘படு’வா, ‘பட்டு’வா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஆறு வயது. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சுதான் வரவில்லை. விரல்களும் நடுங்கும். கீழ்க்கட்டளையில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம், எழுத்துகளைத் தட்டிப் பேசப் பழக்கலாம் என்றார். டேப்லெட் திரையில் அவள் விரல் வழுக்கிக்கொண்டே போனது. அழுத்தினால் உள்ளே போய் வரும் பெரிய பொத்தான்கள் வேண்டும், அதுவும் தமிழ் எழுத்தோடு. தேடியவரை கிடைக்கவில்லை. நான் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். குழந்தைக்காக வேலையை விட்ட பிறகு அந்தப் படிப்பில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எனக்கே சந்தேகம். இருந்தாலும் நாமே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

இரும்புலியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஓனர் அக்கா, அலமாரி செய்து மிஞ்சிய பிளைவுட் ஒன்றைக் கொடுத்தார். விளையாட்டு மெஷின்களில் இருக்கும் உருண்டைப் பொத்தான்களை ஆன்லைனில் வரவழைத்தேன். அவற்றை அந்தப் பிளைவுட் பலகையில் பதித்து, ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்தை ஒட்டினேன். சாப்பாட்டு மேசையெல்லாம் ஒயர். அக்கா ஒருநாள் மாடியேறி வந்து பார்த்துவிட்டு, “இன்னாமா, வூட்டுக்கு லிஃப்ட் வெக்கிறியா? எத்தினி மாடி?” என்றார்.

பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்தால், எழுத்தைத் திரைக்கு அனுப்பும் சின்ன சர்க்யூட் போர்டில் இடம் போதாது. அதனால் கோலப்புள்ளி மாதிரி வரிசையாகவும் நெடுக்காகவும் இணைப்பார்கள். எந்த வரிசையும் எந்த நெடுக்கும் ஒட்டுகின்றன என்று பார்த்து, போர்டு எழுத்தைக் கண்டுபிடிக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சதுரத்தின் மூன்று மூலைகள் ஒரே நேரத்தில் அழுந்தினால், தொடாத நான்காவது மூலையும் அழுந்தியதாகப் போர்டு நம்பிவிடும். மகள் உள்ளங்கையை ஊன்றும்போதெல்லாம் திரையில் சம்பந்தமில்லாமல் ஒரு ‘ழ’ வந்து நிற்கும். நான் இல்லை என்பதுபோல அவள் என்னைப் பார்ப்பாள். சர்வீஸ் ரோட்டில் எதிர்ப்பக்கமாக வரும் பைக் போல, மின்சாரம் பின்வழியாகச் சுற்றி வந்ததுதான் காரணம். பொத்தானுக்கு ஒன்றாக, ஒருவழி மட்டும் விடும் டயோடுகளை வைத்ததும் அந்த ‘ழ’ போயே போயிற்று. எனக்கு ஒரே குஷி. இனி அவள் தொட்டது மட்டும்தான் வரும் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த மதியம். எனக்குக் காய்ச்சல். மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, கையில் கிண்ணத்தோடு அவள் பக்கத்திலேயே சாய்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். ப, ட, உ என்று விரல் போனது. திரையில் ‘பட்டு’ என்று வந்தது.

நான் போட்டிருந்தது தமிழ்99 என்ற தட்டச்சு முறை. அதில் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘ட’ ஒருமுறை என்றால் படு. இருமுறை என்றால் பட்டு. அவளை நான் கொஞ்சுவது பட்டு என்றுதான். என் சொல்லால் என்னையே கூப்பிட்டாளா? அல்லது போய்ப் படு என்றாளா? ‘ட’ மேல் விரல் இருந்தபோது அது நடுங்கியதைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்று இரண்டாம் முறை தட்டினாளா என்பதுதான் தெரியவில்லை.

ஆமாம் என்றால் அவள் கண்ணை மேலே தூக்குவாள். “படுன்னு சொன்னியா?” என்று கேட்டேன். தூக்கினாள். “பட்டுன்னு கூப்பிட்டியா?” அதற்கும் தூக்கினாள்.

சாயந்திரம் கணவரிடம் காட்டினேன். “படுன்னுதான் சொல்லியிருப்பா. நீ யார் சொல்லி எப்ப படுத்த?” என்றார். கஷாயம் கொண்டுவந்த ஓனர் அக்காவிடம் மூன்றாவது பதில் இருந்தது. “பட்டுப்பொடவ கேக்குது. தீபாவளி வர்து இல்ல? உன் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மனம் சமாதானமாகவில்லை. வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளை. அவள் சொன்னதை என் போர்டே மாற்றிவிட்டால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

பொத்தானுக்குள் இரண்டு தகடுகள் தொடும்போது, தரையில் போட்ட பந்து மாதிரி கொஞ்சம் துள்ளித்தான் அடங்கும். அந்தத் துள்ளலை எண்ணாமலிருக்க, ஓர் அழுத்தத்துக்குப் பின் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகப் போர்டு காத்திருக்கும். என் விரலுக்கு அது போதும். அவள் விரல் தானே துள்ளுகிறதே. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். ‘படு’ ஒழுங்காக வந்தது.

மறுநாள் காலை அவள் அ, ம, ம, ஆ என்று தட்டினாள். திரையில் ‘அமா’ என்று வந்தது. இரண்டாவது ‘ம’வையும் நடுக்கம் என்று போர்டு தள்ளிவிட்டது. அவள் மறுபடி தட்டினாள். மறுபடியும் ‘அமா’. முழங்கையால் பலகையைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுக்க அதைத் தொடவே இல்லை.

நேரத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அவளுடைய ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று போர்டையே பதிவு செய்ய வைத்தேன். காலையில் நடுக்கத்தின் இடைவெளி சின்னதாகவும், வேண்டுமென்றே தட்டியது பெரியதாகவும் தனித்தனியாகத் தெரிகின்றன. எவ்வளவு அழகாகப் பிரிகின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் மாலையில், அவள் களைத்தபின், இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. புள்ளிக்குத் தனிப் பொத்தான் வைத்தால் குழப்பமே இல்லை. ஆனால் அம்மா என்பதற்கு ஒரு தட்டு கூடும், அவள் கைக்கு அது பெரிய வேலை.

கணவர் ஒரு யோசனை சொன்னார். எழுத்து பதிந்ததும் ‘டிக்’ என்று சத்தம் வந்தால் அவளுக்குத் தெரியுமே என்றார். வைத்தேன். டிக் கேட்டதும் விரலை எடுக்கப் பழகிவிட்டாள். இரண்டு டிக் கேட்டால் சிரிக்கிறாள். அது தவறுக்காகவா, சரியாக வந்ததற்காகவா என்று இப்போது ஒரு புதுச் சந்தேகம்.

இப்போதும் சில மாலைகளில் திரையில் ‘பட்டு’ வருகிறது. நான் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு “என்ன பட்டு?” என்கிறேன். இரண்டுக்கும் பதில் சொன்னதாகிறது. ஆனால் அவள் சொன்னது ஒன்றுதானே.

இப்படி நடுங்கும் விரல்களோடு பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தைக் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று மாற்றி வைக்கலாமா? அல்லது மாறாமல் ஒன்றே இருந்தால்தான் பிள்ளை அதற்குப் பழகிக்கொள்ளுமா?