கேமராவுக்குக் காட்டிய பக்கம்

என் முகத்தில் பாதி செயலற்றுப்போன காலையில், நான் கண்ணாடி முன் நின்று அதை ரசித்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றவையெல்லாம் இதைவிடக் கொஞ்சம் கௌரவமானவை.

காரணம் இருந்தது. ஒரு படத்தில் பக்கவாதம் வந்த தாய் ஒருத்தியின் வேடத்துக்கு ஒப்புக்கொண்டு, சில வாரங்களாக வாயைக் கோணிப் பழகிக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. வாய் கோணினால் கண் சிரித்துவிடும். அன்று காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாயில் தானாக வழிந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்து, இடது கண் மூடாமல், பாதி நெற்றியில் சுருக்கமே இல்லாமல், அச்சு அசலாக நின்றாள் அந்தத் தாய். இத்தனை வருட அனுபவம் ஒருவழியாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். முந்தின நாள் காதுக்குப் பின்னால் வலித்தது நினைவுக்கே வரவில்லை.

கலைந்துவிடப் போகிறதே என்று அப்படியே தோட்டத்துக்கு ஓடி என் கணவரிடம் காட்டினேன். கம்பம் ஊருக்குப் பக்கத்தில் திராட்சை போட்டிருக்கிறார். பந்தலுக்குக் கீழே கத்தரிக்கோலோடு நின்றவர், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் கொஞ்சம் ஓவரு."

"சரி, குறைச்சுப்போம்" என்றேன். குறையவில்லை. "போம்" என்பதற்கு உதடுகள் சேரவும் இல்லை. அவர் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

தேனியில் ஒரு மருத்துவமனை. மருத்துவர் இளம்பெண். எதிரே உட்காரவைத்து, "புருவத்தைத் தூக்குங்க. கண்ண இறுக்கி மூடுங்க. கன்னத்தை உப்புங்க. பல்லைக் காட்டுங்க" என்றார். வாய்ப்புக் கேட்டு நின்ற காலத்தில் எத்தனையோ நடிப்புத் தேர்வுகளில் தோற்றிருக்கிறேன். இவ்வளவு சுலபமான காட்சிகளில் தோற்றதில்லை.

ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பக்கவாதம் இல்லம்மா. இது முகவாதம்" (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி, ஒரு பக்கம் இயங்காமல் போவது).

"எப்ப சரியாகும்? அடுத்த மாசம் ஷூட்டிங் இருக்கு."

"நிறையப் பேருக்கு நல்லாவே சரியாகிரும். உங்களுக்கு எவ்வளவு திரும்பும், எப்பத் திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. என்ன வேஷம்?"

சொன்னேன். மருந்துச் சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுதினார். நல்ல பெண்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது ஒரு காலையில் வாய் கோணினால், கண்ணாடியிடம் போகாதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். பக்கவாதமா, முகவாதமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். முகவாதத்துக்கு ஸ்டீராய்டு (நரம்பின் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். மூடாத கண்ணைக் காப்பாற்றுவதும் முக்கியம். பகலில் சொட்டு மருந்து, படுக்கும்போது இமையை மூடி ஒட்டிக்கொள்ள ஒரு பட்டை.

அந்தச் சொட்டு மருந்துக்குச் செயற்கைக் கண்ணீர் என்று பெயர். கிளிசரின் போடாமல் அழுவாள் என்பதுதான் சினிமாவில் எனக்கிருந்த ஒரே புகழ். அந்தக் கண்ணுக்கு இப்போது மருந்துக்கடையில் கண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

படுத்திருந்த நாட்களில் பழையதெல்லாம் வந்தது. அல்லிநகரத்துப் பள்ளி மேடையிலிருந்து சென்னைக்குப் போய் நின்றபோது, முதல் படத்தின் கேமராமேன் என் மோவாயைத் திருப்பி, "இந்தப் பக்கமே வச்சுக்கம்மா, முகம் இங்கதான் இருக்கு" என்றார். இடது பக்கம். அன்றிலிருந்து கதாநாயகியின் தோழியாக, அக்காவாக, பிறகு அவளைவிட வயது குறைந்தவளாக இருந்தும் அவளுக்கே அம்மாவாக, எல்லாவற்றையும் இடது பக்கத்தாலேயே நடித்தேன். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், எல்லாப் படத்திலும் மாப்பிள்ளைக்கு அந்தாண்டை யாரையோ தேடுகிறவள் போல இருப்பேன்.

அந்தக் கல்யாணமும் சினிமா செய்ததுதான். இவருடைய தோட்டத்தில் படப்பிடிப்பு. விதவைக் கோலத்தில் பந்தல் கல்தூணில் சாய்ந்து கதறிக்கொண்டிருந்தேன். யூனிட்டே கண்கலங்கி நிற்க, இவர் நேரே பக்கத்தில் வந்து, "கொஞ்சம் தள்ளி நின்னு அழுகுறீகளா? கொழுந்து மிதிபடுது" என்றார். என் அழுகைக்கு மயங்காத முதல் ஆள். அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் என் படம் எதையும் முழுசாகப் பார்த்ததில்லை. தியேட்டர் இருட்டில் நன்றாகத் தூக்கம் வருமாம்.

முகப் பயிற்சிக்கு வாரந்தோறும் தேனிக்குப் போய் வந்தோம். ஜீப்பை அவரே ஓட்டுவார். ஒருநாள் உத்தமபாளையம் தாண்டும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"என்னத்த மூடுற?"

"கோண மூஞ்சிய எதுக்குப் பாத்துக்கிட்டே வரணும்?"

"நான் எங்க அதப் பாத்தேன்? ஓட்டுறவனுக்கு உன் வலது பக்கந்தான தெரியும். கல்யாணமானதுலேருந்து நான் பாத்ததெல்லாம் இதுதான். இது அப்படியேதான இருக்கு."

சொல்லிவிட்டு, முன்னால் போன லாரிக்காரரைத் திட்டத் தொடங்கினார். எந்தக் கேமராமேனும் கேட்காத அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முதலில் இமை லேசாகத் துடித்தது. பல வாரம் கழித்து உதடு கொஞ்சம் குவிந்தது. காப்பி வழியாமல் குடித்த அன்று வீட்டில் யாரும் கவனிக்கவில்லை; நானே கூப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. சிரித்தால் இடது கண் தானாகப் பாதி மூடிக்கொள்ளும். வளர்ந்து வரும் நரம்பு சில சமயம் வழி மாறி வேறு தசைக்குப் போய்விடுமாம். அது இப்படியே இருந்துவிடக்கூடும் என்றார் மருத்துவர்.

சில மாதம் தள்ளிப்போன அந்தப் படத்துக்குக் கூடலூரில் படப்பிடிப்பு வைத்திருந்த இயக்குநர் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தத்ரூபமா இருக்கும்மா. ஆனா இடைவேளை வரைக்கும் முகம் நேரா இருக்கணுமே" என்றார். நியாயம்தான். நேரான முகம் கொண்ட வேறொருத்தி அதைக் கோணக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எனக்குக் குமுளி ஜீப்புகள் நிற்கும் இடத்தில் டீக்கடைக்காரி வேடம். ஒரே காட்சி. யாரோ சொல்வதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும்.

அழச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சிரிப்பு இனி என் கையில் இல்லை. இது போனால் அடுத்தது வராது என்றும் தெரியும். பழக்கத்தில் இடது பக்கத்தையே காட்டப் பார்த்தேன். கேமராமேன் நேருக்கு நேர் வைத்துவிட்டார். சிரித்தேன். கண் தன்பாட்டுக்கு மூடிக்கொண்டது. ஓகே என்றார்கள். இன்னொரு டேக் கூடக் கேட்கவில்லை.

முன்பெல்லாம் முகம் எனக்கு ஒரு வேலையாள். கூப்பிட்டால் வரும், சொன்னதைச் செய்யும். இப்போது காலையில் எழுந்ததும், இன்று எப்படி இருக்கிறாய் என்று அதைத்தான் முதலில் விசாரிக்கிறேன். கால்ஷீட் கணக்கில் ஓடிய நாட்கள் போய், ஒரு நரம்பு எப்போது வந்து சேருகிறதோ அதுவரை காத்திருக்கும் காலம் வந்திருக்கிறது. அவசரப்படுத்தினால் அதற்குக் காது கேட்பதில்லை. மீண்டும் சினிமாவில் கூப்பிடுகிறார்கள். அது போதும்.

படம் கம்பத்துக்கு வந்தபோது, அனுமந்தன்பட்டியிலிருந்து என் நாத்தனார் வந்து பார்த்தார். என் படங்களில் ஒன்றைக்கூட விடாதவர். தியேட்டர் வாசலில் அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எப்படி மதினி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுத்தா" என்றார், ஆட்டோவுக்குக் கையைக் காட்டியபடி. "இதுக்கு முன்னாடியெல்லாம் நீ நடிக்கிறது நல்லாத் தெரியும்."