கூகைக்கரடு என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும்

வண்டிச் சாவியின் மேல் கை இருக்கிறது, சாவி திரும்பவில்லை. பின்னிருக்கையில் புதிதாக ஏறிய இளைஞர் மடியில் பையை வைத்துக்கொண்டு, "போலாமாக்கா?" என்கிறார். மகேஸ்வரி சிறு கண்ணாடி வழியே அவரைப் பார்க்கிறார்.

"எங்க எறங்குனீங்க?"

"இங்கதான். ராமக்கோட்டை ரோட்டுல."

"அப்புடி ஒரு ஊரு இந்தப் பக்கம் இல்லியே."

இளைஞர் நடைமேடையின் மஞ்சள் பலகையைச் சுட்டிக்காட்டுகிறார். மூன்று மொழிகளிலும் 'இராமக்கோட்டை ரோடு' என்றே எழுதியிருக்கிறது.

"அது போர்டு. நான் ஊரக் கேட்டேன்."

துணிமூட்டையோடு ஓரத்தில் அமர்ந்திருக்கும் காதர் பீவிக்கு இது பழகிப்போன கூத்து. "கூகைக்கரடுன்னு சொல்லிருங்க தம்பி. சொல்லாட்டி வண்டி நகராது. நானும் சந்தைக்குப் போய்ச் சேரணும்ல" என்கிறார். இளைஞர் சிரித்தபடி சொல்கிறார். சாவி திரும்புகிறது.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் பாதையில் பயணிகள் ரயில் மட்டும் நிற்கும் சிறிய நிலையம் அது. என் தமக்கை இராமக்கோட்டையில் வசிப்பதால் வாரம் ஒருமுறை அங்கே இறங்கி, ஏழு கிலோமீட்டர் தொலைவை மகேஸ்வரியின் ஷேர் ஆட்டோவில் கடக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. மடியில் எந்நேரமும் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அவித்த நிலக்கடலை. ரயில்வே கேட் அடைத்திருக்கும்போது ஒற்றைக் கையால் கடலையை உரித்துத் தின்பார்; தோலைச் சாலையில் எறியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வழியில் ஆடு மறித்தால் ஒலிப்பானை அழுத்துவதில்லை. ஆட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்றவர்கள் குலதெய்வத்தின் பெயரை எழுதும் முன்கண்ணாடியில், அவர் சிவப்புச் சாயத்தால் தம் கைப்படக் 'கூகைக்கரடு' என்று எழுதி, இருபுறமும் கூகையின் உருண்டைக் கண்களையும் வரைந்திருக்கிறார்.

நிலையத்துக்குப் பின்னால், தலை மொட்டையாக நிற்கும் பாறைக்குன்றுதான் அந்தக் கரடு. அதன் இடுக்குகளில் கூகைகள், பெரிய ஆந்தைகள், அடைகின்றன. அடிவாரத்தில் இருப்பது ஊர். ரயில் பாதை போட்டபோது நிலையத்துக்கான நிலத்தை இந்த ஊர்க்காரர்களிடமிருந்தே எடுத்தார்கள். மகேஸ்வரியின் மாமனாருடைய கடலைக்காட்டில் பாதி இன்று நடைமேடை. ஆனால் பெயர் வைக்கும்போது, வெளியூர்க்காரர் எந்த ஊரைத் தேடி வருவார் என்று பார்த்திருக்கிறார்கள். சந்தையும் காவல் நிலையமும் பள்ளிக்கூடமும் உள்ள இராமக்கோட்டையைத்தானே தேடி வருவார்? அவ்வூருக்குச் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகிறது, ஆகவே 'ரோடு'. கொடைக்கானல் ரோடும் அவ்வாறு அமைந்ததே. அந்த நிலையம் அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. கொடைக்கானலோ அங்கிருந்து பேருந்தில் மணிக்கணக்காக மலையேற வேண்டிய தொலைவில். வந்து இறங்குகிறவர்களுக்காக நிலையத்துக்குப் பெயர் வைக்கிறார்கள். அங்கேயே இருப்பவர்களை யாரும் கேட்பதில்லை. இதை நான் ஒருமுறை மகேஸ்வரியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கு சார். அம்புட்டுப் பேரும் எறங்குறது எங்க மண்ணுல, பேரு மட்டும் அவுகளுதா?" என்றார்.

அவருடைய பிடிவாதத்துக்கு நிலம் மட்டுமே காரணம் அன்று. மகள் மலர்விழி பிறந்த நாளும் காரணம். வலி முன்னதாகவே கண்டுவிட்டது. வேடசந்தூர் நூற்பாலையில் வேலை செய்யும் கணவர் வேலுசாமி, வாடகைக் காருக்குத் தொலைபேசியில் பேசினார். கூகைக்கரடு என்றால் வெளியூர் ஓட்டுநருக்குத் தெரியாது, பலகையில் உள்ள பெயர்தான் எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணி, "ராமக்கோட்டை ரோட்டுக்கு வந்துருங்க" என்றார். ஓட்டுநர் சொன்ன சொல் தவறாதவர். இராமக்கோட்டைக்கே போய், அங்குள்ள பெரிய சாலையில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். இங்கே, காருக்காகக் காத்திருந்த நிலையத்தின் கல்பெஞ்சிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தண்டவாளம் தாண்டி ஓடி வந்த ஜக்கம்மாள் என்ற பக்கத்து வீட்டுக்காரர்தான் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்.

"படுத்துக் கெடந்தேன்ல, தலைக்கு நேரா அந்த மஞ்சப் போர்டுதான் சார் தெரிஞ்சுச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு அதயே பாத்தேன். அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்தப் பேரு இனிமே என் வாயில வராது, என் வண்டியிலயும் ஏறாது."

"அப்பொழுது உங்களிடம் வண்டி இருந்ததா?"

"இல்ல. பெறகுதான் வாங்குனேன். முடிவு மொதல்ல, வண்டி அடுத்து."

இவ்வாண்டு ஆடி மாதத்தில் அந்த முடிவுக்குச் சோதனை வந்தது. இராமக்கோட்டை ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர் முத்துக்கிருஷ்ணன், எல்லா வண்டிகளின் முன்கண்ணாடியிலும் ஒட்டுவதற்கு ஒரே மாதிரி ஸ்டிக்கர் அச்சடித்தார்: 'இராமக்கோட்டை ரோடு ரயில் நிலையம்'. அவர் கெட்டவர் அல்லர். வெளியூர்க்காரர்கள் மகேஸ்வரியின் வண்டிக் கண்ணாடியைப் படித்துவிட்டு, வேறு எங்கோ போகிற வண்டி என்று ஒதுங்கிவிடுவதைக் கண்டவர். ஒட்டாத வண்டிக்கு ஸ்டாண்டு வரிசையில் இடம் இல்லை என்றார். வரிசையில் இடம் இல்லையென்றால் திரும்பும் நடைக்கு ஆள் கிடைக்காது. இராமக்கோட்டைக்கு ஆளோடு போய், ஊருக்கு வெறும் வண்டியாக வரவேண்டியதுதான். கூகைக்கரட்டிலேயே வேறு மூன்று ஆட்டோக்கள் உண்டு. மூன்றும் மறுநாளே ஒட்டிக்கொண்டன.

அந்த வாக்குவாதத்தின்போது நான் வண்டியில் இருந்தேன்.

"ஏத்தா மகேசு, கண்ணாடியில போயி கூகை கோட்டான்னு எழுதி வச்சா எவன் ஏறுவான்? காலையில முழிக்கிற முழியா இது?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

"நாங்க தெனமும் அதுலதான் முழிக்கிறோம்ணே. நல்லாத்தான் இருக்கோம்."

"கொடைரோட்டுக்காரன் என்ன கொறஞ்சா போயிட்டான்? அவனே கொடைரோடுன்னுதான சொல்லிக்கிறான்."

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். அம்மையநாயக்கனூருன்னு இப்ப எத்தன பேரு சொல்றாக? நாளைக்கி எம்மகளும் 'நான் ராமக்கோட்டை ரோடு'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியணுமா?"

"ஸ்டிக்கருக்கும் மகளுக்கும் என்னத்தா சம்பந்தம்?"

"ஒங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு."

ஸ்டிக்கரை மகேஸ்வரி கிழிக்கவில்லை. நான்காக மடித்துத் தலைவரின் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தார். இரண்டு பெயரையும் மேலும் கீழுமாக ஒட்டிக்கொள்ளலாமே என்று வழியில் நான் யோசனை கூறினேன். "பெருசா இருக்குறதத்தான சார் வாசிப்பாக" என்றார்.

அன்று முதல் திரும்பும் நடை வெறும் நடை. காதர் பீவி மட்டும் ஸ்டாண்டைக் கடந்து வண்டி நிற்கும் புளியமரம் வரை மூட்டையோடு நடந்து வந்து இவர் வண்டியில் ஏறுகிறார். "ஸ்டாண்டுல கால் வைக்கத்தான் எடம் இல்ல. மரத்தடியில யாரு தடுப்பா?" என்பது அவர் வாதம். வேலுசாமி, வருமானம் குறைவதைப் பார்த்து, "ஒட்டிட்டுப் போயேன்டி, பேருதான்" என்றாராம். "நீங்க போன்ல சொன்ன பேருதான்" என்று இவர் பதில் சொன்னாராம்.

சென்ற வாரம் நான் வழக்கத்துக்கு மாறாக மாலை ரயிலில் சென்றேன். கரட்டின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று ஆட்டோக்களும் முந்திக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. மகேஸ்வரியின் வண்டி ஒன்றே நின்றது. மாலைச் சந்தைக்குக் கிளம்பிய காதர் பீவியும் நானும் ஏறினோம். கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர் முத்துக்கிருஷ்ணன். அவருடைய வண்டி எஞ்சின் வேலைக்காகத் திண்டுக்கல்லில் கிடக்கிறதாம். சாலையின் இருபுறமும் பார்த்தார். பிறகு என் அருகே ஏறி, நனைந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மகேஸ்வரி படுதாவை இறக்கி, அவர் மேல் சாரல் படாதபடி கயிற்றைக் கட்டினார். தம் இடத்தில் அமர்ந்தார். சாவியின் மேல் கையை வைத்தார்.

"எங்க எறங்குனீங்கண்ணே?"

முத்துக்கிருஷ்ணன் மழையைப் பார்த்தார். "வெளையாடாத தங்கச்சி. வீட்டுல ஆளு காத்துக்கிட்டு இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு. எங்க எறங்குனீங்க?"

"அதான் தெரியும்ல."

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

காதர் பீவி பொறுக்கமாட்டாமல், "கூகைக்கரடு, கூகைக்கரடு! இந்தா, அவருக்கும் சேத்து நானே சொல்லிட்டேன், கெளப்புத்தா" என்றார்.

"நீங்க சொல்லியாச்சுக்கா. அவரு சொல்லட்டும்."

மழை படுதாவின் மேல் தாளம் போட்டது. முத்துக்கிருஷ்ணன் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். மகேஸ்வரி சாவியை முழுவதுமாக உருவி, காக்கிச் சட்டையின் பையில் போட்டார். மஞ்சள் பையை மடியில் விரித்து, மாமனாரின் காட்டில் மிஞ்சிய பாதியில் விளைந்த கடலையை அவசரமில்லாமல் உரிக்கத் தொடங்கினார். கை நிறைந்ததும் பின்புறம் திரும்பி, முதல் பிடியை முத்துக்கிருஷ்ணனிடம் நீட்டினார்.