பத்துக்கு மூன்று வாங்கிய என் விண்ணப்பம்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம் நடந்தது இது. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதுகலை மாணவர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் சேர்த்து, ஆறு சனிக்கிழமை தனியாக ஒரு வகுப்பு எடுக்கும்படி எங்கள் முதல்வர் சொன்னார். ஆய்வு செய்யப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்பதுதான் பாடம். மாணவர்களுக்கென்று மாநில அளவில் ஆய்வு நிதி ஒன்று அறிவித்திருந்தார்கள். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் இருந்தது.

"உங்களுக்குத்தாம்மா நல்லா எழுத வரும்" என்றார் முதல்வர். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நானே மூன்று தடவை இப்படி விண்ணப்பம் போட்டு, மூன்று தடவையும் 'தேர்வாகவில்லை' என்று பதில் வாங்கியவள். அந்தக் கடிதங்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தன. என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

வகுப்பில் பதினொரு பேர். பாதிப் பேர் வீட்டில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கல்லூரி வரைக்கும் வந்ததே இவர்கள்தான் முதல். கருணாபுரத்திலிருந்து வந்த ஒரு பையன் எதையும் பட்டென்று பேசிவிடுவான். கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரைச் சேர்ந்த பெண் ஒருத்தி விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வாய் திறந்து பேசி நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டு வாரமும் பிரச்சினை, கேள்வி, செய்முறை, பயன் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம் எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். படித்தால் பதினொன்றும் ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்கள், தமிழில் சொன்னால், 'இன்றைய நவீன உலகில் மிக முக்கியத்துவம் வாய்ந்த' என்று வரும். எழுதியது யார் என்று பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர்களுக்கு ஒரு முழு விண்ணப்பத்தைக் காட்டினால்தான் புரியும் என்று தோன்றியது. என்னிடம் இருந்ததெல்லாம் என்னுடையதுதான். கடைசியாகத் திரும்பி வந்ததை எடுத்து, பெயரை மறைத்து நகல் போட்டு, நாலாவது சனிக்கிழமை ஆளுக்கொன்று கொடுத்தேன்.

"யாரோ ஒருத்தர் எழுதினது. தேர்வாகலை. ஏன்னு நீங்க கண்டுபிடிங்க. பத்துக்கு மார்க்கும் போடுங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'இதில் ஒரு குறையும் இல்லையே மேடம், ஏன் தள்ளினாங்க?' என்று ஒருவராவது கேட்பார்கள் என்று உள்ளுக்குள் ஆசையாக இருந்தது.

அது கல்வராயன் மலைக் கிராமங்களின் ஊற்றுத் தண்ணீரைப் பற்றிய ஆய்வு. ஊற்றிலும் வீட்டுக் குடத்திலும் தண்ணீர் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. அதோடு வீட்டுப் பெண்களிடம் இருபத்திரண்டு கேள்வி கேட்பது. பதினேழு பக்கம் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன்.

கருணாபுரத்துப் பையன்தான் முதலில் கை தூக்கினான். "மேடம், மூணு பக்கம் படிச்சும் இவரு இன்னா பண்ணப் போறாருன்னே தெரியல. பத்துக்கு மூணு." பக்கத்திலிருந்தவர்களும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க. பெரிய பெரிய வார்த்தையா இருக்குது. சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். காது மட்டும் சூடாகிக்கொண்டே வந்தது.

அப்போது கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரிக்கிற சத்தம். பார்த்தால் அந்த மலைப்பெண். என்னவென்று கேட்டேன்.

"இதை எழுதினவங்க மலைக்கே வந்ததில்ல மேடம்" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வூட்டுக்கு வூடு போயி பொம்பளைங்களக் கேக்கப் போறேன்னு போட்டிருக்காங்க. பத்து மணிக்கு எங்கூர்ல எல்லாரும் கொல்லையில பயிர் வேலைக்குப் போய்டுவாங்க. வூட்ல கோழிதான் இருக்கும். கோழியத்தான் கேக்கணும்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் 'அது நான் எழுதியது' என்று சொல்ல வாய் வரவில்லை. மணியைப் பார்ப்பதுபோலப் பார்த்து வகுப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் சொன்னது உண்மை. மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊருக்கு இரண்டு தடவை காரில் போய், சாலையோரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கியதுதான் எனக்கும் அந்த மலைக்கும் உள்ள பழக்கம். மனதில் பட்டதை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்கிறேன். நானோ ஒரு காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறேன்.

ஐந்தாவது சனிக்கிழமை உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். "போன வாரம் நீங்க மார்க் போட்டது என்னோடது. மூணு தடவை போட்டேன், மூணும் தேர்வாகலை."

 அந்தப் பெண் எழுந்து நின்றாள். கண் கலங்கிவிட்டது. கருணாபுரத்துப் பையன், "மேடம், நான் அஞ்சுதான் போடலாம்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"நீ எதுக்கு அழறே? நீ சொன்னது சரி" என்றேன் அவளிடம். "ஒரு நாள் எங்களை உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"வாங்க மேடம்" என்றாள். அப்படியொரு பெரிய சிரிப்பு அவள் முகத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமே போனோம். நானும் மாணவர்கள் ஆறு பேரும். கள்ளக்குறிச்சியில் காலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து மலை ஏறினோம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து ஊருக்குள் நுழையும்போது சரியாகப் பத்தேகால். கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. ஒரு ஆள் இல்லை. நடுத்தெருவில் ஒரு கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. கருணாபுரத்துப் பையன் என் கேள்வித்தாளை எடுத்து, அதன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "முதல் கேள்விங்க, உங்க குடும்பத்துல எத்தினி பேரு?" என்று பணிவாகக் கேட்டான். அவ்வளவு வாய்விட்டுச் சிரித்து எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பெண் எங்களைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். சரிவில் சாமைப் பயிருக்குள் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவளுடைய அத்தை. நாங்கள் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, இன்னா கேக்கணுமோ கேளுங்க. ஆனா கை சும்மா இருக்கக் கூடாது. அப்படியே குனிஞ்சி களையப் புடுங்கிக்கினே கேளுங்க."

புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே சாமையைப் பிடுங்கிவிட்டேன். என் மாணவியே அதை வாங்கி மறுபடி நட்டாள்.

களை எடுத்துக்கொண்டே கேள்விகளை ஆரம்பித்தேன். "குடிக்கிற தண்ணியச் சுட வைப்பீங்களா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"மழையில சுட வைப்போம். வெயில்ல வைக்க மாட்டோம். கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னா வைப்போம். நீ எதுல டிக் போடுவே?"

என் தாளில் அதற்கு இடம் இல்லை. இப்படியே ஆறேழு கேள்வி போனது. பிறகு அந்த அம்மா நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதெல்லாம் எழுதிக்கினு போயி இன்னா பண்ணுவீங்க?"

"கட்டுரையா எழுதி வெளியிடுவோம்மா."

"அத யாரு படிப்பாங்க?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "என்னை மாதிரி ஒரு பத்துப் பேரு."

அந்தப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "முன்ன ஒரு வாட்டி யாரோ வந்து பாட்டில்ல தண்ணி புடிச்சிக்கினு போனாங்க. அது நல்ல தண்ணியா கெட்ட தண்ணியான்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு சேதி இல்ல. அதத்தான் நாங்க குடிச்சிக்கினு இருக்கோம்."

 பக்கத்தில் என் மாணவி, களையைக் கையில் பிடித்தபடி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் எங்களுக்கும் சேர்த்துச் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். சாயங்காலப் பஸ்ஸில் மலையிறங்கும்போது யாரும் தூங்கவில்லை. ஆறு பேரும் தங்கள் விண்ணப்பத்தை எப்படி மாற்றலாம் என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

அந்த மலைப்பெண் தன் பழைய தலைப்பை விட்டுவிட்டு, ஊற்றுத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளட்டுமா என்று என்னைக் கேட்டாள். "தாராளமா எடுத்துக்கோ, முதல்ல தமிழ்ல எழுது, அப்புறம் இங்கிலீஷ்ல மாத்திக்கலாம்" என்றேன். மூன்றே நாளில் கொண்டுவந்தாள். முதல் வரி இதுதான்: 'எங்கள் ஊர் ஊற்றிலிருந்து ஏற்கெனவே தண்ணீர் எடுத்துப் போயிருக்கிறார்கள், அது குடிக்கத் தகுந்ததா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது.' பழக்க தோஷத்தில் அதை அடிக்கச் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன். இன்னொரு தடவை படித்துவிட்டு மூடி வைத்தேன். கடைசிப் பக்கத்தில், முடிவுகளை ஊர் முழுக்க வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, முதலில் ஊருக்குத்தான் சொல்வேன் என்று எழுதியிருந்தாள். அப்படி ஒரு பகுதி என்னுடைய பதினேழு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பங்குனியில் முடிவு வந்தது. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் தேர்வாகியிருந்தார்கள். ஒன்று அவள், இன்னொன்று கருணாபுரத்துப் பையன். அவள் அப்போது ஊரில் இருந்தாள். ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து கூப்பிட்டு, "மேடம்! மேடம்!" என்று கத்தினாளே தவிர வேறு ஒரு வார்த்தை வரவில்லை. இந்தப் பக்கம் நானும் ஆய்வுக்கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். உதவியாளர் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்.

ஒரு வருடம் கழித்து, ஊர்த் திருவிழாவுக்கு மறுநாள், எல்லோரும் வீட்டில் இருந்த காலை நேரம், அவள் ஊருக்கு முன்னால் நின்று பேசினாள். நான் கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன்.

"மூணு ஊத்துத் தண்ணி நல்லா இருக்குது. மேலண்ட ஊத்துல மட்டும் மாடு எறங்கி எறங்கிக் கெட்டுப் போய்க்கீது. வேலி போடணும். அது வரைக்கும் அந்தத் தண்ணிய எந்தக் காலத்துலயும் சுட வச்சிதான் குடிக்கணும்."

"இம்மாந்தானா? இத அன்னிக்கே சொல்லியிருந்தா அப்பவே வேலி போட்டிருப்போம்ல" என்றார் அத்தை. சாப்பாட்டுக்கு முன்பே நாலு பேர் மூங்கில் வெட்டக் கிளம்பிவிட்டார்கள்.

கூட்டம் கலையும்போது அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "டீச்சரம்மா, தண்ணி ஆச்சி. சாமைய மூட்ட கட்டி வச்சா ரெண்டு மாசத்துல பூச்சி வுழுந்துடுது. அடுத்து அத எழுதிக் கேளுங்க." இன்னொரு அம்மா குறுக்கே வந்து, "அதுக்கு முன்ன மரவள்ளி எல ஏன் சுருட்டிக்குதுன்னு பாருங்க" என்றார். இரண்டு பேருக்கும் எது முதலில் என்று வாக்குவாதமே வந்துவிட்டது. என் மாணவி சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

ஒரு விண்ணப்பம் எழுத உட்காரும்போதெல்லாம், இதன் முடிவுக்காக உண்மையிலேயே காத்திருக்கப்போகிற ஒரு முகமாவது என் கண்ணுக்குத் தெரிகிறதா என்று இன்றும் நான் முதலில் பார்த்துக்கொள்கிறேன். தெரிந்துவிட்டால், எழுதுவது எனக்கு இப்போது அவ்வளவு சந்தோஷமான வேலையாக இருக்கிறது.