ஜீப் சாவியைக் கொடுக்காத அலமேலு

1. நாங்கள் வரும் வரை

வளப்பூர் நாட்டுச் சமுதாயக் கூடத்தில் நான் எடுத்த முதல் வகுப்பு அரை மணி நேரம்கூட ஒழுங்காக நடக்கவில்லை. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்.

தீயணைப்புத் துறையில் லீடிங் ஃபயர்மேனாக இருந்தவன் நான். மழை, மண்சரிவு, விபத்து என்று வந்தால் முதலில் கை கொடுக்க ஊர்க்காரர்களையே பழக்கும் வேலையை, ஓய்வு நெருங்கிய காலத்தில் என்னிடம் கொடுத்தார்கள். கொல்லிமலைக்கு அனுப்பும்போது எங்கள் அதிகாரி சொன்னார்:

"ரெண்டு நாள் கிளாஸ். கோட்டு, விசில் குடுத்துரு. குரூப் போட்டோ எடுத்துக்க. ரொம்ப இழுக்காதே. தகவல் சொல்றதுதான் அவங்க வேலை."

நானும் அதையே கூடத்தில் சொன்னேன். ஏதாவது நடந்தால் உடனே எங்களுக்குப் போன் செய்யுங்கள், நாங்கள் வரும் வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். பஸ் நிற்கும் இடத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அலமேலு.

"ஏனுங்க சார், மழ புடிச்சா எங்கூர்ல சிக்னல் நிக்காதுங்க. ஆராச்சும் மேட்டுக்கு ஓடிப் போய்த்தான் பேசோணும். பேசினாலும் உங்க வண்டி வளைவெல்லாம் ஏறி வாரதுக்குள்ள பொழுது போயிரும். அது வரைக்கும் உழுந்து கெடக்கறவன்கிட்ட என்னங்க சொல்றது? சார் வாராரு, பொறுத்துக்கன்னா?"

கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் நான். மலைப்பாதையில் எங்கள் வண்டி மூச்சு வாங்கி ஏறுவதை டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

அன்று சாயந்திரம் அதிகாரிக்குப் போன் போட்டு, இரண்டு நாள் போதாது என்றேன். "உன் இஷ்டம். ஏதாச்சும் ஆச்சுன்னா உன் தலைதான் உருளும்" என்றார். உருளட்டும் என்று வகுப்பை மழைக்காலம் தொடங்கும் வரை இழுத்தேன்.

2. செத்துப் போன அலமேலு

பயிற்சிக்கு டம்மி பொம்மை கேட்டேன், வரவில்லை. சாக்கில் மண்ணை நிரப்பிக் கையும் காலும் தைத்தோம். தைத்தது சின்னப்பொண்ணு, ஊரில் தையல்காரர். குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளியைப் பயிரிடும் வெள்ளையன் இரண்டு மூங்கிலையும் ஒரு கம்பளியையும் வைத்து ஸ்ட்ரெச்சர் கட்டப் பழகினார். கழுத்து அசையாமல் தலையை இரண்டு கையாலும் பிடிக்கும் ஹெட் ஹோல்டை எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் செய்தார்கள்.

அலமேலுவிடம் ஒரே ஒரு சிக்கல். "ஆள் விழுந்துட்டார்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஓடிப் போய் நிற்பார். மேலே மேடு ஈரமாக இருக்கிறதா, கரண்டுக் கம்பி கிடக்கிறதா, எதையும் பார்க்க மாட்டார்.

"நீங்க செத்துட்டீங்க. ஓரமா உக்காருங்க" என்பேன்.

"சும்மா சும்மா சாவடிக்காதீங்க சார்" என்று கோபமாக உட்காருவார். மறுபடியும் ஓடுவார். மறுபடியும் சாவார். ஒரு நாள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஒருத்தன் கத்தறப்ப நின்னு மேட்டப் பாக்கறதுக்கு எனக்கு மனசு வரலைங்க" என்றார்.

"ஒரு ஆளக் காப்பாத்தப் போயி பத்து பேரப் பொதைக்க மனசு வருமா?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். அதன் பிறகு அவர் ஓடவில்லை.

மண்சரிவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது மிகச் சில விதிகள்தான். ஒருவர் தள்ளி நின்று மேட்டை மட்டும் பார்க்க வேண்டும். மண் நகர்ந்தால் விசில். உள்ளே இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. மாட்டிக்கொண்டவரை இழுக்கக் கூடாது, அவரைச் சுற்றி உள்ளதைத்தான் எடுக்க வேண்டும்.

மிளகு வியாபாரி தங்கராசு ஒரு நாள் கூடத்துக்கு வந்து பார்த்தார். முன்பு பஞ்சாயத்துப் பொறுப்பில் இருந்தவர், ஊரில் அவர் பேச்சுக்கு எடை உண்டு. சின்னப்பொண்ணு வெள்ளையனின் தலையைப் பிடித்துப் பழகுவதைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், பொம்பளைங்க போயி ஆம்பளையத் தொட்டுத் தூக்கறதா? இதெல்லாம் எங்கூருக்குச் சரிப்படுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அலமேலு சொன்னார்: "உழுந்து கெடக்கறவன் வேண்டாம்னு சொன்னா நாங்க தொடலைங்கண்ணா. அவன் சொல்லட்டும்."

தங்கராசு முகம் கறுத்துப் போய்விட்டது.

3. பலா மரத்து வளைவு

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. நான் அப்போது அடிவாரத்து நிலையத்தில் இருந்தேன். வெள்ளையனும் சின்னப்பொண்ணும் சொன்னதையும், பிறகு எல்லோர் போனிலும் சுற்றிய வீடியோவையும் வைத்து எழுதுகிறேன்.

குண்டனி நாட்டிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றி வந்த பிக்கப் ஒன்று, மதியத்துக்கு மேல், ஒரு பலா மரத்து வளைவில் மண்சரிவில் மாட்டியது. பக்கத்து மேடு பெயர்ந்து வண்டியின் முன்பக்கத்தை ஓரக் கல்லோடு வைத்து அழுத்திவிட்டது. ஓட்டி வந்தவர் குமரேசன், தங்கராசுவின் தம்பி. மண்ணுக்கும் வண்டித் தகரத்துக்கும் நடுவில் அவருடைய வலது கால் சிக்கிக்கொண்டது. நினைவு இருந்தது. அலறிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். தங்கராசு தன் ஜீப்பில் வந்து சேர்ந்தார். தம்பியைப் பார்த்ததும் கத்தினார்:

"கயிறக் கட்டுங்கடா. ஜீப்புல போட்டு ஒரே இழுப்பு. வண்டி வெளிய வந்துரும்."

கயிறும் வந்துவிட்டது. அப்போதுதான் அலமேலுவும் வெள்ளையனும் சின்னப்பொண்ணுவும் வந்தார்கள். அலமேலு வளைவுக்கு முன்னாலேயே நின்றார். மேட்டைப் பார்த்தார். வெட்டுப்பட்ட மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சின்னப்பொண்ணுவை எதிர்ப் பாறை மேல் விசிலோடு நிற்க வைத்தார். போன் பேச ஒருவரை, சிக்னல் கிடைக்கும் வேறொரு மேட்டுக்கு விரட்டினார். அதன் பிறகுதான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இழுக்காதீங்கண்ணா. காலு உள்ள மாட்டிருக்குது. வண்டி நகுந்தா தகரம் வவுத்துல ஏறிரும்."

"எந்தம்பி சாகறான், நீ பாடம் நடத்தறயா? நகரு புள்ள!"

அலமேலு நகர்ந்தார். நேராக ஜீப்புக்குப் போய்ச் சாவியை உருவி, சேலை மடியில் முடிந்துகொண்டார்.

கூட்டத்தில் ஒரே கூச்சல்.

"சாவியக் குடு!"

"குடுக்க மாட்டேன்."

"அது ஆரு ஜீப்புன்னு தெரியுமா?"

"தெரியும். உங்க ஜீப்பு. உள்ள கெடக்கறது உங்க தம்பி. அதுக்காவத்தான் குடுக்க மாட்டேங்கறேன்."

"அவன் செத்தா உன்னச் சும்மா உட மாட்டேன்."

"செத்தா என்னைய என்ன வேண்ணாலும் பண்ணுங்க. இப்பக் கை வேணும். கத்தறதுக்கு வேண்டாம், மண்ணள்ளறதுக்கு வேணும். எல்லாரும் பலா மரத்துக்கு அந்தாண்ட போயி வரிசையா நில்லுங்க. சாந்துச்சட்டியில மண்ணு வரும், கை மாத்தி உடுங்க."

யாரும் நகரவில்லை. தங்கராசு கையை ஓங்கிவிட்டார். அப்போது வண்டிக்குள்ளிருந்து குமரேசன் கத்தினார்: "இழுக்க வேண்டாம்ணா! வலி தாங்கலைண்ணா!" ஓங்கிய கை இறங்கியது. ஒருவர் மரத்துக்கு அந்தப் பக்கம் போனார். அவர் பின்னால் இன்னொருவர். வரிசை உண்டானது.

உள்ளே போனவர்கள் இரண்டே பேர். வெள்ளையன் கையாலும் சின்ன மண்வெட்டியாலும் காலைச் சுற்றியிருந்த மண்ணை எடுத்தார். அலமேலு உடைந்த பின் கண்ணாடி வழியாகக் கை விட்டுக் குமரேசனின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, காலு இருக்கறதே தெரியலக்கா."

"எங்கையி தெரியுதா தலையில? அத மட்டும் நெனச்சுக்க. ஆட்டாத. தூங்காத. பேசிட்டே இரு சாமி."

என்ன பேசினார்கள் என்று பிறகு கேட்டேன். கடையில் பாக்கி வைக்காமல் சாப்பிட்ட ஒரே ஆள் யார், சாம்பாரில் உப்பு ஏன் எப்போதும் கூடுகிறது, இதெல்லாம்தானாம்.

எங்கள் ரெஸ்க்யூ வண்டி போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஸ்ப்ரெடர் என்ற விரிப்புக் கருவியை வைத்துத் தகரத்தை விரித்தோம். என் ஆள் ஒருவர் அலமேலுவின் கைக்குப் பக்கத்தில் கை வைத்து, "நான் புடிச்சுட்டேன், நீங்க விடலாம்" என்றார். அலமேலுவின் விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. நான்தான் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.

குமரேசன் பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. "அழுந்தின அந்த நிமிஷமே எலும்பு தூளாயிருக்கு. முன்னாடியே எடுத்திருந்தா கால் நின்னிருக்குமான்னு கேட்டா, யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மேடு அன்று மறுபடி சரியவில்லை. அதற்குப் பிறகும் சரியவில்லை.

4. எழுத மாட்டேன் என்றது

கால் போன செய்தி ஊருக்குள் வந்ததும் வீடியோவும் வந்தது. அலமேலு சாவியை முடிந்துகொள்ளும் இடம் மட்டும். "காப்பாற்ற விடாமல் தடுத்த பெண்" என்று மேலே எழுதியிருந்தது. மண் எடுத்த வரிசை அதில் இல்லை. தலையைப் பிடித்திருந்த கையும் இல்லை. தங்கராசு அதைக் காட்டி மேலே புகார் செய்தார்.

அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பாத்தியா? ஜனங்க உதவிக்கு வராங்க, உன் வாலண்டியரம்மா சாவியப் புடுங்கிட்டு நிக்குது. தகவல் மட்டும் சொல்லச் சொல்லுன்னு அன்னிக்கே சொன்னேன். இப்ப ஒண்ணு செய். அந்தம்மா பயிற்சியின் வரம்பை மீறி நடந்துக்கிட்டாங்கன்னு எழுதிக் குடு. பயிற்சியில பொம்பளைங்களச் சேக்கறத நிறுத்திரலாம். விஷயம் முடிஞ்சுரும்."

"எழுத மாட்டேங்க சார்."

"என்ன?"

"நான் சொல்லிக் குடுத்ததத்தான் அவங்க செஞ்சாங்க. வரம்பு மீறினதுன்னா நான்தான் மீறினேன். என்னப் பத்தி எழுதுங்க."

"ரிட்டயர்மெண்ட் பக்கத்துல இருக்கு. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுத்தாங்க சார் படியேறி வந்தேன்."

நடந்தது நடந்தபடி எழுதி மேசை மேல் வைத்தேன். ஜீப்பால் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வண்டி நசுங்கிய விதத்தை வரைந்தும் காட்டியிருந்தேன். அலமேலு மேல் நடவடிக்கை வரவில்லை. என்னைப் பயிற்சி வேலையிலிருந்து எடுத்தார்கள். நிலையத்தில் ஹோஸ் குழாய்களைக் காயப்போடும் வேலையைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றேன். வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற வாரத்திலேயே பஸ் ஏறி வளப்பூர் போனேன். அலமேலு ஆரஞ்சு நிறப் பயிற்சிக் கோட்டைப் போட்டுக்கொண்டு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். தங்கராசு பக்கத்து ஆட்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்களாம்.

"அடுப்பு முன்னால எதுக்கு இந்தக் கோட்டு?"

"கழட்டினா தப்புப் பண்ணிட்டேன்னு ஆயிருமுங்க சார். துவைக்கறப்ப மட்டுந்தான் கழட்டறேன்."

"வகுப்பு நடத்தலாமா?"

"கூடம் குடுக்க மாட்டாங்க."

"ரோடு இருக்குதே?"

அலமேலு கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த மழைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன் என்று வெள்ளையன் பிறகு சொன்னார்.

5. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

பஸ் திரும்பும் காலி இடத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு தொடங்கினோம். ஊரே பார்க்கட்டும் என்றுதான் அங்கே வைத்தோம். முதலில் நாலைந்து பேர். பிறகு வாசலூர்பட்டிப் படகுத்துறைப் பக்கம் கடை போட்டிருப்பவர்களும் வந்தார்கள்.

ஒரு ஞாயிறு பஸ்ஸிலிருந்து ஊன்றுகோலோடு குமரேசன் இறங்கினார். அலமேலு எழுந்து நின்றார்.

"எம் மேல கோவமா கண்ணு?" என்று நேராகவே கேட்டார்.

"இருக்குதுங்க்கா. ராத்திரில இல்லாத காலு அரிக்கறப்ப எல்லார் மேலயும் கோவம் வருது. உங்க மேலயும் வருது." ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா அந்தக் கயிறு கட்ட வந்தப்பத் தகரம் வவுத்துக்கு எவ்ளோ கிட்ட நின்னுச்சுன்னு நான் உள்ள இருந்து பாத்தேங்க்கா. எங்கண்ணன் பாக்கல. நான் பாத்தேன்."

ஊன்றுகோலைக் கீழே போட்டார். மெதுவாக உட்கார்ந்து, மண்ணில் மல்லாந்து படுத்தார்.

"அந்தச் சாக்குப் பொம்மையத் தூக்கிப் போடுங்க. தலைய எப்படிப் புடிக்கறதுன்னு எம்மேல காட்டுங்க. எப்படிப் புடிச்சா வலிக்கும்னு நான் சொல்றேன்."

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தங்கராசு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவும் இல்லை, போகவும் இல்லை. இன்று வரை என்னோடு அவர் பேசுவதில்லை.

என் பாடத்தில் அதற்குப் பிறகு ஒன்று சேர்ந்தது. ஸ்ட்ரெச்சர் கட்டுவது, தலை பிடிப்பது எல்லாம் சில நாளில் கைக்கு வந்துவிடும். பதறிய கூட்டத்துக்கு முன்னால், அதுவும் வேண்டியவர்களின் கூட்டத்துக்கு முன்னால், "முடியாது" என்று சொல்லி நிற்பதுதான் வராது. அதையும் பயிற்சியாகவே கொடுக்கிறேன். புதிதாக வந்தவரை நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் சுற்றி நின்று திட்டுவார்கள், கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள். அவர் அசையக் கூடாது. இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: தகவல் சொன்னால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முதலில் பழகுங்கள். பழகிய பிறகு, நீங்கள் கற்றதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தப் பயிற்சியில் மிரட்டுகிற அண்ணன் வேடம் எப்போதும் குமரேசனுக்குத்தான். போன வாரம் குண்டனி நாட்டிலிருந்து வந்த ஒரு பெண், அவர் போட்ட சத்தத்தில் நடுங்கிப் போய், "முடியாதுங்க" என்று முனகினார்.

குமரேசன் ஊன்றுகோலைத் தரையில் தட்டினார்.

"இன்னும் சத்தமாச் சொல்லு கண்ணு. நான் மண்ணுக்குள்ள கெடக்கறேன், எனக்குக் கேக்கோணும்."